ஒரு சாண் தெரு

எல்லைக்கல் தெருவின் இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றையொன்று நோக்கி நகரத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்தில். அதற்கு முந்தின ஆடி முழுக்கக் காற்று சுழற்றியடித்து ஓய்ந்திருந்ததால் முதலில் ஆளாளுக்குக் காற்றின் மேல் பழி போட்டார்கள், பிறகு மழையின் மேல் போட்டார்கள், மழைதான் பெய்யவே இல்லையே என்று யாரோ நினைவுபடுத்திய பிறகு, சரி, சுவர்தானே, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். உடைகுளத்துக்காரர்கள் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்கள். இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் குணம் தானாக வந்துவிடும்.

உடைகுளம் என்ற அந்த ஊரை வகிடு எடுத்ததுபோல நடுவில் பிரித்துக்கொண்டு வடக்கும் தெற்குமாக ஓடியது எல்லைக்கல் தெரு. மேற்கு வரிசையில் இருந்த நாற்பத்தொரு வீடும் கடம்பேறு சமஸ்தானம். கிழக்கு வரிசையில் இருந்த நாற்பத்தொரு வீடும் வெண்ணிமங்கலம் சமஸ்தானம். மேற்கே பிறந்த பிள்ளைக்கு ஒரு ராஜா, கிழக்கே பிறந்த பிள்ளைக்கு இன்னொரு ராஜா, தெருவில் பிறந்த நாய்க்கு ராஜாவே இல்லை, அது நிம்மதியாக இருந்தது. தெருவின் அகலம் பதினெட்டு அடி. பாரம் ஏற்றிய வண்டி ஒன்று போகும்போதே இன்னொன்று எதிரே வரலாம், வண்டிக்காரர்கள் நிறுத்தி நாலு வார்த்தை பேசவும் செய்யலாம். வாசலுக்கு நேரே வாசல் வைத்தால் ஒரு வீடு விளங்கும், எதிர்வீடு விளங்காது என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் எந்த வாசலும் எதிர்வாசலைப் பார்த்திராது, நாலு முழம் தள்ளி, எதிர்வீட்டின் வெறும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும்.

இந்த இரண்டு சமஸ்தானங்களையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. இரண்டு ராஜாக்களுக்கும் சம்மதம், இரண்டு திவான்களுக்கும் சம்மதம். குடிகளை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர்களும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: கடம்பேறு போய் வெண்ணிமங்கலத்தோடு சேர்வதா, வெண்ணிமங்கலம் வந்து கடம்பேற்றோடு சேர்வதா. கடம்பேற்றின் சார்பில் 'நடுநிலையான்' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட ஒருவர், 'வருவோரை வரவேற்போம்' என்று ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். உடனே வெண்ணிமங்கலத்தின் சார்பில் 'உண்மைவிளம்பி' என்ற ஒருவர், 'வருவது யார், வரவேற்பது யார்?' என்று எழுதினார். அதற்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு மறுப்பு, மறுப்பின் மறுப்புக்கு ஒரு சாட்டையடி, சாட்டையடி வாங்கிய முதுகைத் தடவிக்கொண்டே ஒரு பதிலடி என்று வாரத்துக்கு இரண்டு வந்தன. எந்த ராஜாவின் பாட்டனார் முதலில் யானை வைத்திருந்தார், எந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், புது ராஜ்யத்தின் பெயரில் எந்தப் பெயர் முன்னால் வர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. உடைகுளத்தில் அதைப் படித்தவர்கள் முதல் மாதம் எல்லாரும், இரண்டாம் மாதம் பாதிப் பேர், மூன்றாம் மாதம் யாருமில்லை.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகும் அதைக் கையால் தொட்டுக்கொண்டிருந்தவன் ஆவுடையப்பன் ஒருவன்தான், ஏனென்றால் இரண்டு பக்கத்துப் பிரசுரங்களையும் சுவரில் ஒட்டுகிறவன் அவன். ஒல்லியான உடம்பும் நீளக் கையுமாக, ஐம்பது தாண்டிய ஆள். அந்த ஊரில் நாடக நோட்டீஸ், மாட்டுச்சந்தை நோட்டீஸ், வரி நோட்டீஸ் எல்லாவற்றையும் அவன்தான் ஒட்டினான். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, மாடு நக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, தாளை ஒட்டியதும் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிடுவான். அந்தத் தொழிலுக்கு ஒரு நியதி இருந்தது: இன்னொருவர் ஒட்டியதைக் கிழிக்கக் கூடாது, வேண்டுமானால் அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம், கிழித்த கையில் பசை பிடிக்காது என்பார்கள். ஆவுடையப்பன் ஆயுசில் ஒரு தாளையும் கிழித்ததில்லை. நடுநிலையான் மேல் உண்மைவிளம்பி, உண்மைவிளம்பி மேல் நடுநிலையான் என்று எண்பத்திரண்டு வீட்டுச் சுவரிலும் அடுக்கிக்கொண்டே போனான்.

அப்படி ஒட்டிய ஒவ்வொரு பிரசுரத்துக்கும் சுவர் தடித்தது. ஒரு பக்கம் எழுதியிருந்தால் ஒரு விரற்கடை, இரண்டு பக்கம் எழுதியிருந்தால் இரண்டு விரற்கடை. பசை காய்கிற நேரம், அதாவது ஒரு தடவை வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்தான், அதற்குள் தரையிலிருந்து ஓட்டு விளிம்பு வரை சுவர் மொத்தமும் தெருவை நோக்கி அந்த அளவுக்கு வந்துவிடும். நாடக நோட்டீஸ் ஒட்டினால் ஒன்றும் ஆகவில்லை, மாட்டுச்சந்தை நோட்டீஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை, இணைப்புப் பிரசுரத்துக்கு மட்டும்தான் இப்படி. ஒருவர் கோபத்தில் கிழித்துப் பார்த்தார். தாள் கையோடு வந்தது, தடிப்பு வரவில்லை. உள்ளே சுண்ணாம்பும் செங்கல்லுமாக, நூறு வருஷம் அங்கேயே இருந்ததுபோலக் கெட்டிச் சுவர். பசையில் கோளாறு என்றார்கள், மையில் கோளாறு என்றார்கள், கடைசியில் வார்த்தைக்கு எடை உண்டு என்று மீராசா சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. மீராசா புகையிலைக் கடை வைத்திருந்தவர், தெருவில் வண்டி வராமல் போன முதல் வாரமே கடையைக் கொல்லைப்பக்கம் மாற்றிக்கொண்ட விவரமானவர்.

மற்றவர்களும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டார்கள். வண்டிகள் ஊரைச் சுற்றிப் போயின. தெருவுக்குள் நுழைந்த மாடு திரும்ப இடமில்லாமல் பின்புறமாகவே நடந்து வெளியே வந்தது, இரண்டே மாதத்தில் உடைகுளத்து மாடுகள் எல்லாம் பின்னால் நடக்கப் பழகிவிட்டன, வயலுக்குக்கூட அப்படியே போயின. பன்னிரண்டு புள்ளி வைத்துக் கோலம் போட்ட பெண்கள் ஏழு புள்ளிக்கு இறங்கினார்கள், ஏழு நாலாயிற்று, பிறகு எதிர்வீட்டுக்காரியும் இவளும் பேசிவைத்துக்கொண்டு ஒரு கோலத்தை ஆளுக்குப் பாதியாகப் போட்டார்கள். வாசல் ஆழமாகிக்கொண்டே போய் நடை அளவுக்கு நீண்டுவிட்டதால் அதன் இரண்டு பக்கச் சுவரிலும் மாடம் குடைந்து கோழி அடைத்தார்கள், உப்புச் சாடி வைத்தார்கள். முதல் வருஷத்துக் கொடைக்கு அம்மன் சப்பரம் நுழையவில்லை என்று தச்சரை வைத்து இரண்டு பக்கமும் அறுத்தார்கள். அடுத்த வருஷம் அறுத்த சப்பரமும் நுழையவில்லை, பூசாரி அம்மனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒருக்களித்து நடந்து தெருவைச் சுற்றிக் காட்டினார், அம்மனும் ஒன்றும் சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாப்பிள்ளையின் சம்பாத்தியத்தைக் கேட்பதற்கு முன் அவர் இடுப்புச் சுற்றளவைக் கேட்டார்கள். குழம்பு, ரசம், மோர் எல்லாம் வாசலை விட்டு இறங்காமலேயே கைக்குக் கை மாறின. ஒரு முழத் தூரத்தில் நின்று ஒருவரை ஒருவர் சத்தம் போட்டுத் திட்ட முடியாது என்பதால் சண்டைகளைக்கூடக் குசுகுசுவென்று போட்டார்கள், பாதியிலேயே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஆவுடையப்பனின் வீடு மேற்கு வரிசையின் நடுவில் இருந்தது. எதிரே கிழக்கு வரிசையில், நாலு முழம் தள்ளிய வாசலோடு, உலகம்மாளின் பிறந்த வீடு. உலகம்மாள் அவன் பெண்டாட்டி. பதின்மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று தெருவைத் தாண்டிப் போனவள், விசேஷம் முடிந்த மறுநாள் புருஷன் வந்து அழைத்துப் போவான் என்று பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போன பெண்ணைப் புருஷன் வாசலில் வந்து நின்று அழைத்துப் போவதுதான் அந்த ஊர் முறை. அழைக்காமல் தானாகத் திரும்புகிறவளுக்குப் புகுந்த வீட்டில் மதிப்பு இராது என்பார்கள். ஆவுடையப்பனோ, பதினெட்டு அடி தூரம், காசிக்கா போயிருக்கிறாள், அவளே வரட்டும் என்று இருந்தான். அவளும், பதினெட்டு அடி தூரம், காலில் முள்ளா குத்தியிருக்கிறது, அவரே வரட்டும் என்று இருந்தாள். மறுநாள் மறுவாரமாயிற்று, மறுவாரம் மறுவருஷமாயிற்று. சமாதானம் பேச வந்தவர்களுக்கு எதைப் பேசுவது என்றே தெரியவில்லை; சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் நடந்திருக்கும், இங்கே சண்டையே நடக்கவில்லை.

அந்தப் பதின்மூன்று வருஷமும் சாயங்காலமானால் ஆவுடையப்பன் தன் வாசலில் வந்து உட்காருவான். நாலு முழம் தள்ளி, எதிர்வாசலில், உலகம்மாள் வந்து விளக்கு வைப்பாள். அவள் இந்தப் பக்கம் பார்க்க மாட்டாள், ஆனால் திரியைத் தூண்டிவிட்டு ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பாள். அவள் உள்ளே போனதும் இவன் எழுந்து போய்ச் சாப்பிடுவான். குடும்ப வாழ்க்கை என்று அவனுக்கு இருந்தது அவ்வளவுதான், அதுவும் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்கியிருக்காது.

சுவர்கள் நகரத் தொடங்கிய பிறகு அந்த விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. கார்த்திகையில் அவளுக்குத் தலை நரைத்திருப்பது தெரிந்தது. தை பிறந்தபோது மூக்குத்தியில் ஒரு கல் உதிர்ந்திருப்பது தெரிந்தது. பங்குனியில் வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு தெரிந்தது, அது இந்த வீட்டில் பட்டதா அந்த வீட்டில் பட்டதா என்று இரவெல்லாம் யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. சொல்வதற்கென்ன, ஆவுடையப்பனுக்குச் சந்தோஷமாக இருந்தது. நடுநிலையானும் உண்மைவிளம்பியும் எழுதித் தள்ளட்டும் என்று அவன் பாட்டுக்கு ஒட்டினான். இது எங்கே போய் முடியும் என்று அவன் நினைத்துப் பார்த்தது தெரு நாலு முழமாகக் குறைந்தபோதுதான். சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டால் அவன் வாசலில் நின்று பார்க்க அவள் வீட்டு வெறும் சுவர்தான் இருக்கும், வாசலுக்கு நேர் வாசல் இல்லாத ஊர் அது.

அந்த நாலு முழத்தில்தான் பேச்சு வந்தது. உலகம்மாள் அப்பளம் இட்டு விற்றுப் பிழைத்தாள். அண்ணன் குடும்பத்தோடு தலைநகரத்து ஆலை வேலைக்குப் போனபோது அவளையும் கூப்பிட்டான். வீட்டுக்கு விளக்கு வைக்க ஆள் வேண்டாமா என்று இருந்துவிட்டாள், எந்த விளக்கு என்று ஊருக்கே தெரியும். வழக்கமாக அவள் அப்பளம் காயப்போடுவது தெருவில். இப்போது உச்சிப்பொழுதில் ஒரு நாழிகை தவிரத் தெருவில் வெயிலே விழவில்லை. ஒருநாள் ஆவுடையப்பன் எதிரே நின்று ஒட்டிக்கொண்டிருக்க, அவள் அவனைப் பார்க்காமல் அப்பளத் தட்டைப் பார்த்து, வெயிலையும் சேர்த்து ஒட்டி மூடியாயிற்று, இனி உங்களை எங்கே கொண்டு போய்க் காயவைக்க என்று கேட்டாள். ஆவுடையப்பன் பசை வாளியைப் பார்த்து, கொடுத்ததை ஒட்டுகிறேன், நான் என்ன செய்ய என்றான். அன்றிலிருந்து தட்டும் வாளியும் தினமும் பேசிக்கொண்டன. ஆள் மெலிந்துபோயாயிற்று என்று தட்டுக்குத் தகவல் போனது. மூக்குத்திக் கல் எப்போது விழுந்தது என்று வாளியிடம் கேள்வி வந்தது. அண்ணனிடமிருந்து கடிதம் வந்ததும், முழங்கால் வலிக்கு நொச்சி இலை கட்டியதும், இந்த வருஷம் உளுந்து சரியில்லாததும் எல்லாம் வாளிக்குத் தெரிந்தது.

பிறகு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் காயப்போட்டாள். கிழக்கு வரிசை வீடுகளின் கொல்லை கிழக்கைப் பார்த்தது, காலை வெயில் நேராக விழும். ஆனாலும் தட்டை எடுக்கிற சாக்கில், வைக்கிற சாக்கில், வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள்.

ஆவுடையப்பன் சும்மா இருக்கவில்லை. பசையை நீர்க்கக் காய்ச்சிப் பார்த்தான்; சுவர் அப்போதும் தடித்தது. கடம்பேற்று அதிகாரியிடம் போய், கை வலிக்கிறது, கொஞ்ச நாள் ஒட்டாமல் இருக்கிறேனே என்று கேட்டான். நீ வெண்ணிமங்கலத்துக்கு ஆளாகிவிட்டாயா என்று அவர் கேட்டார். வெண்ணிமங்கலத்து அதிகாரியிடம் போனான். கடம்பேற்றான் சொல்லி அனுப்பினானா என்று அவர் கேட்டார். நீ ஒட்டாவிட்டால் ஒட்டுவதற்குத் தலைநகரத்தில் ஆளா இல்லை என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், இணைப்பு விஷயத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான். வெயிலில் திரும்பி நடந்து வரும்போது அவன் யோசித்தான்: வேறு ஒருவன் வந்து ஒட்டினால் தெரு என்றைக்கு அடைபடும் என்றுகூடத் தனக்குத் தெரியாது, தான் ஒட்டினால் அந்த நாளாவது தெரியும். அந்த நியாயம் அவனுக்கே நியாயமாகப் படவில்லை, ஆனாலும் மறுநாள் பசை காய்ச்சினான்.

பதினெட்டு அடி ஒரு முழமாகிவிட்டது, ஒரு எட்டுக்கூட இல்லை, தாண்டிப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்கலாம். மீராசா கேட்டார். இப்போது போனால் பதின்மூன்று வருஷம் ஏன் போகவில்லை என்று கேள்வி வருமே, அதற்கு என்ன சொல்ல என்றான் ஆவுடையப்பன். ஏன் போகவில்லை என்று மீராசா கேட்டார். அவன் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டு நின்றான். மீராசா அவனுக்கு ஒரு புகையிலைத் துண்டைக் கிள்ளிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு சாயங்காலம் உலகம்மாள் விளக்கு வைத்துவிட்டுத் தட்டிடம் கேட்டாள், இது எப்போதுதான் நிற்கும் என்று. நிற்கிற மாதிரித் தெரியவில்லை என்று ஆவுடையப்பன் வாளியிடம் சொன்னான். அடைத்துவிட்டால் என்று அவள் கேட்டாள். அடைத்துவிட்டால் என்ன, ஆளாளுக்குக் கொல்லை வாசல் இருக்கிறது, ஊரே அதில்தானே போய் வருகிறது என்றான் இவன்.

"கொல்லைப்பக்கம் வெளக்கு வச்சா யாரு பாக்கப் போறா" என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அன்று ஆவுடையப்பன் சாப்பிடவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மாசி மாதம், சுவர்கள் நகரத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆனபோது, இரண்டு தலைநகரங்களிலிருந்தும் ஒரே நாளில் ஒரே அறிக்கை வந்தது. நடுநிலையானும் எழுதவில்லை, உண்மைவிளம்பியும் எழுதவில்லை. இரண்டு அரண்மனைகளும் சேர்ந்து எழுதியது, தலைப்பில் இரண்டு முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டு மகாராஜாக்களின் பட்டப்பெயர்களும் நான்கு பக்கம் ஓடின. மீதி இரண்டு பக்கத்தில், குடிமக்களிடையே போதிய ஆர்வம் காணப்படாமையால் இணைப்பு ஆலோசனை காலவரையறையின்றி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இருந்தது. யார் பெயர் முன்னால் வருவது என்ற தகராறு மட்டும் அதிலும் தீரவில்லை போலிருக்கிறது, மேற்குச் சுவர்களுக்குக் கடம்பேறு முன்னால் வரும்படியும் கிழக்குச் சுவர்களுக்கு வெண்ணிமங்கலம் முன்னால் வரும்படியும் தனித்தனியாக அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

ஆறு பக்கம். ஆவுடையப்பன் தெருவில் நின்று கையை விரித்தான். கட்டைவிரல் அவன் வீட்டுச் சுவரைத் தொட்டது, சுண்டுவிரல் அவள் வீட்டுச் சுவரைத் தொட்டது. தெரு ஒரு சாண் இருந்தது. ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு.

செய்தி தெரிந்ததும் தெருக்காரர்கள் இரவல் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். சல்லடை ஒன்று கிழக்கே போனது, ஓர் அரிவாள்மனை மேற்கே வந்தது. பாதிப் பாதியாகக் கோலம் போட்ட பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒட்டாதே என்று யாரும் ஆவுடையப்பனிடம் சொல்லவில்லை. எப்படியோ இனிமேல் பிரசுரம் வராதல்லவா, அது போதும் என்றுதான் எல்லாருக்கும் இருந்தது. அவ்வளவு களைத்துப் போயிருந்தார்கள்.

வாளி நுழையாது என்பதால் பசையை ஒடுக்கமான தகரக் குவளையில் ஊற்றிக்கொண்டு, தாள் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆவுடையப்பன் மத்தியானம் வடக்குக் கோடியில் ஒருக்களித்து நுழைந்தான். நடுவிலிருக்கும் வீடுகளைக் கடைசியில் ஒட்டுவதுதான் அவன் வழக்கம். இருபது வீடு ஒட்டிக்கொண்டே நடுத்தெரு வரை வந்தான், அவன் முதுகுக்குப் பின்னால் சுவரும் சுவரும் சேர்கிறபோது தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் விடுகிற பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. தெற்கு வழியாக வெளியே போய், அந்தக் கோடியிலிருந்து ஒட்டிக்கொண்டே திரும்ப நடுவுக்கு வந்தான். அந்தப் பக்கமும் பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது. தெரு என்று மிச்சமிருந்தது அவன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்த துண்டு மட்டும்தான். கையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்றை அவள் வீட்டுச் சுவரில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட்டான். அது காய்வதற்குள் ஏதாவது ஒரு வாசலில் ஏறியாக வேண்டும். ஏறி நின்றபடியே அவன் வீட்டுச் சுவரில் கடைசித் தாளை ஒட்டிவிடலாம், இரண்டு வாசலிலிருந்தும் கை எட்டும்.

உலகம்மாள் விளக்கோடு வந்து வாசலில் நின்றாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது, அன்றைக்கு முன்னதாகவே ஏற்றியிருந்தாள்.

"எந்த வாசல்ல நின்னு ஒட்டப் போறிய?" என்று கேட்டாள்.

ஆவுடையப்பன் தட்டைத் தேடினான். அவள் கையில் தட்டு இல்லை. தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுச் சுவர் ஒரு விரற்கடை தடித்து அவன் முதுகைத் தொட்டது.

"நீ வாரியா?" என்றான். பதின்மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்தது அந்த வார்த்தை, இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவனே நினைக்கவில்லை.

உலகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"வந்திருவேன். வாரதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு யோசித்துச் சொன்னாள், "ஆனா ஒங்க கொல்லையில காலவெயில் விழாதே. அப்பளம் காயணும்லா."

ஒன்றரை வருஷம், எழுதாத நியாயமில்லை, இழுக்காத வம்சமில்லை. யார் வீட்டுக் கொல்லையில் காலை வெயில் விழுகிறது என்று நடுநிலையானும் கேட்கவில்லை, உண்மைவிளம்பியும் கேட்கவில்லை. ஆவுடையப்பன் தன் வீட்டை நினைத்துப் பார்த்தான். ஒரு கட்டில், ஒரு கொடி, பசை காய்ச்சுகிற பானை. காயவைக்கும்படி அங்கே எதுவும் இல்லை. இரண்டாவது விரற்கடை அவன் முதுகைத் தள்ளியபோது நெஞ்சைச் சுருக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, அவள் வீட்டு வாசலில் கால் வைத்து ஏறிவிட்டான். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே ஓர் எட்டு.

ஏறி நின்று, கையை நீட்டி, தன் வீட்டுச் சுவரில் கடைசித் தாளை ஒட்டினான். இரண்டு ராஜ்யங்களும் ஒன்றாகப் போவதில்லை என்ற அந்தத் தாளை, தொழிலுக்குப் பழுது வராமல், கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல் தடவிவிட்டான். கீழ் மூலை ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பசை வைக்கத் தூரிகையை நீட்டியபோது சுவர் வந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டான், தூரிகை உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் வாசலுக்கு நேரே இருந்த அவன் வீட்டுச் சுவர் கதவுபோல வந்து அடைத்து நின்றது, கடம்பேறு முன்னால் வரும்படி அச்சடித்த அறிக்கை அதில் ஈரமாக இருந்தது. இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், படிக்கவில்லை. பிறகு அவள் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள், சோறு ஆறுகிறது என்றாள்.

மறுநாள் காலையில் வெண்ணிமங்கலத்து எல்லைச் சேவகன் கொல்லை வழியாக வந்தான். புதிதாக வந்தவன், ஊர்க்கதை தெரியாதவன். அடைபட்ட தெருவில் யார் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போக அவனை அனுப்பியிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் என்று பட்டியலில் இருந்த வீட்டில் கடம்பேற்றுக் குடியான ஓர் ஆள் வெண்ணிமங்கலத்து வெயிலில் உட்கார்ந்து அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, காகிதத்தை விரித்துக்கொண்டு, நீர் யார், யார் உத்தரவில் வந்தீர், என்ன காரியமாக வந்தீர், எப்போது திரும்பிப் போவீர் என்று வரிசையாகக் கேட்டான். இரண்டு சமஸ்தானத்து உத்தரவுகளையும் ஆயுசு முழுக்க ஒட்டிய ஆவுடையப்பன், அதில் எதிலாவது இதற்குப் பதில் இருந்ததா என்று தேடிக்கொண்டு, கையில் ஓர் அப்பளத்தோடு அப்படியே இருந்தான்.

உலகம்மாள் உளுந்து மாவைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "என்னைய அழைச்சிட்டுப் போக வந்தாவ. வழி அடைச்சிப்போச்சு."